டாங்கி மாதிரிக்கு எந்தச் செயின்? வாசகர் கேள்வி – பதில்

அளவு மாதிரிகள் பகுதிக்கு இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை டாங்கியின் செயினைப் பற்றியே கேட்டிருந்தன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். கிட் (துண்டுகளை ஒட்டிச் செய்யும் மாதிரி) பெட்டியில் 'டிராக்' என்று அச்சிட்டிருப்பதை நம் பக்கத்து மெக்கானிக்குகள் சொல்வதைப் போலச் செயின் என்றும், அதன் ஒவ்வொரு துண்டையும் கண்ணி என்றும் இங்கே எழுதுகிறேன்.

அண்ணாச்சி, நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். முதன்முதலாக 1/35 அளவில் டி-34 டாங்கியின் கிட் ஒன்றை வாங்கியிருக்கிறேன். பெட்டியில் ரப்பர் போன்ற இரண்டு பட்டைகள் செயினாகக் கொடுக்கப்பட்டுள்ளன. இவை போதுமா? தனியே விற்கப்படும் பிளாஸ்டிக் கண்ணிகளையோ உலோகக் கண்ணிகளையோ வாங்க வேண்டுமா?
— வாசகர், அம்பாசமுத்திரம்

பிசான அறுவடையின்போது உங்கள் ஊர் வயல்களில் இறங்கும் பெல்ட் மிஷினைப் பார்த்திருப்பீர்கள். அதன் அடியில் ஓடுவது ஒரே துண்டாலான ரப்பர் பெல்ட். அது எப்போதும் விறைப்பாகவே நிற்கும். கல் குவாரியில் நிற்கும் பொக்லைனின் அடியில் இருப்பதோ எஃகுக் கண்ணிகளைப் பின்களால் கோத்த செயின். அதன் மேற்பகுதி இரண்டு ரோலர்களுக்கு நடுவே தன் எடையாலேயே சற்றுத் தொய்ந்து கிடக்கும். டி-34 டாங்கியின் செயின் இந்த இரண்டாவது இனத்தைச் சேர்ந்தது. உங்கள் பெட்டியில் இருக்கும் வினைல் பட்டை, முதல் இனத்தின் குணத்தை வைத்துக்கொண்டு இரண்டாவது இனமாக வேடம் கட்ட வேண்டியிருக்கிறது.

இந்தப் பட்டை வந்த வழியையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானின் தமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் 1/35 அளவில் வெளியிட்ட பேந்தர் டாங்கி, உள்ளே மோட்டார் வைத்து ஓடக்கூடிய பொம்மையாகவே செய்யப்பட்டது. 1/35 என்ற விகிதமே, வண்டிக்குள் பேட்டரிகள் அடங்க வேண்டும் என்பதற்காக அமைந்த உருவத்தைப் பின்னால் அளந்து பார்த்தபோது கிடைத்ததுதான். ஓடும் பொம்மைக்கு வளையக்கூடிய ஒரே துண்டுப் பட்டை பொருத்தமாக இருந்தது. அலமாரியில் அசையாமல் நிற்கும் மாதிரிக்கும் அதே பட்டை தொடர்ந்து வந்ததற்குக் காரணம், அதைச் செய்வதற்கும் பொருத்துவதற்கும் ஆகும் உழைப்பு குறைவு என்பதே.

இனி உங்கள் டாங்கிக்கு வருவோம். டி-34இல் பக்கத்திற்கு ஐந்து பெரிய தரைச் சக்கரங்கள் உண்டு. செயினின் மேற்பகுதியைத் தாங்குவதற்கென்று தனியான மேல் ரோலர்கள் கிடையாது. ஆகவே முன்னால் இருக்கும் ஐட்லருக்கும் (செயினைத் திருப்பிவிடும் சக்கரம்) பின்னால் இருக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் (செயினை இழுக்கும் பல்சக்கரம்) இடையே மேலே செல்லும் செயின், தரைச் சக்கரங்களின் தலையிலேயே படுத்துக்கொண்டு, சக்கரத்துக்குச் சக்கரம் இடையில் லேசாக இறங்கி ஏறும். 500 மில்லிமீட்டர் அகலச் செயினில் பக்கத்திற்கு 72 கண்ணிகள். நடுவில் கொம்பு உள்ள கண்ணியும் கொம்பில்லாத தட்டையான கண்ணியும் மாறி மாறி வரும். கண்ணியின் நீளம் 172 மில்லிமீட்டர் என்பதால், 1/35 அளவில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் வரும். இவ்வளவு நீளமான தட்டையான கண்ணிகள் ஐட்லரைச் சுற்றும்போது வட்டமாக வளைவதில்லை, பலகோணமாக மடிகின்றன. வினைல் பட்டையால் அப்படி மடிய முடியாது. தொய்வும் வராது, கோணமும் வராது. ஆதலால் டி-34ஐப் பொறுத்தவரை பட்டை போதாது என்பது என் கருத்து.

என்னுடைய முதல் டி-34க்குப் பட்டையைத்தான் மாட்டினேன். மேற்பகுதி சக்கரங்களைத் தொடாமல் அந்தரத்தில் பாலம்போல நின்றது. இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுப் பெரியவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "செயினைக் கொடிக்கயிறு மாதிரி இழுத்துக் கட்டி வைத்திருக்கிறீர்களே, இது எப்படி ஓடும்?" என்று கேட்டார். வண்ணம் பூசுவதற்கு நான் செலவிட்ட மூன்று வாரங்களைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

நீங்கள் வாங்க வேண்டியது, துண்டும் கண்ணியும் கலந்து வரும் ஸ்டைரீன் பிளாஸ்டிக் செயின். தரையில் படியும் நேரான பகுதி ஒரே நீளத் துண்டாகவும், மேற்பகுதி பெரும்பாலும் தொய்வோடு வார்க்கப்பட்ட இன்னொரு துண்டாகவும், ஐட்லரையும் ஸ்ப்ராக்கெட்டையும் சுற்றும் இடத்திற்கு மட்டும் தனித்தனிக் கண்ணிகளாகவும் இது வரும். முதல் கிட் செய்பவரின் பொறுமைக்கும் பணத்திற்கும் இது ஏற்றது. பாகங்கள் ஒட்டியபடி வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டிய துண்டுகளை, ஒரு ரூலரின் மீது ஒட்டும் பக்கம் மேலே இருக்குமாறு வைத்த மாஸ்கிங் டேப்பில் நேர்கோடாக அடுக்குங்கள். தண்ணீர்போல ஓடும் மெல்லிய பிளாஸ்டிக் சிமென்ட்டை இணைப்புகளில் தூரிகையால் தொட்டு வையுங்கள். அரை மணி நேரத்தில் பசை பாதி இறுகி, செயின் உடையாமல் வளையும் பதத்திற்கு வரும். அந்தப் பதத்தில்தான் சக்கரங்களின் மீது சுற்ற வேண்டும். தொய்வு நிற்பதற்கு மேற்பகுதிக்கும் மட்கார்டுக்கும் இடையில் பஞ்சையோ ஸ்பாஞ்சையோ அடைத்து ஓர் இரவு விட்டுவிடுங்கள். ஸ்ப்ராக்கெட்டையும் ஐட்லரையும் வண்டியோடு ஒட்டாமல் வெறுமனே செருகி வைத்திருந்தால், மறுநாள் செயினை அவற்றோடு சேர்த்து ஒரே வளையமாகக் கழற்றித் தனியே வண்ணம் பூசலாம்.

உலோகச் செயினை இப்போது தொட வேண்டாம். பல நேரங்களில் அதன் விலை கிட்டின் விலையை எட்டிவிடும்.

தனித்தனிக் கண்ணிகளாக வரும் டைகர் டாங்கியின் கிட் என்னிடம் இருக்கிறது. சட்டங்களைப் பார்த்தாலே மலைப்பாக இருப்பதால் ஓராண்டாகப் பெட்டியைத் திறக்காமல் வைத்திருக்கிறேன். இத்தனை உழைப்பிற்கும் பலன் உண்டா? பின் கோத்து அசையும் கண்ணிகள் நல்லவையா, ஒட்டி அசையாமல் நிற்பவையா?
— வங்கி ஊழியர், பாளையங்கோட்டை

கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. டைகரின் செயினில் பக்கத்திற்கு 96 கண்ணிகள்; இரண்டு பக்கமும் சேர்ந்து 192. ஒவ்வொரு கண்ணியும் சட்டத்தோடு மூன்று இடங்களில் ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொண்டால் 576 வெட்டுகள், அதே அளவு அரத்தேய்ப்புகள். அச்சிலிருந்து தள்ளும்போது ஏற்படும் வட்டத் தழும்புகள் கண்ணியின் உட்புறத்தில் இருந்தால் அவற்றை நிரப்புவது தனி வேலை. ஒரே மூச்சில் செய்ய உட்கார்ந்தால் வெறுத்துப் போகும். இரவுக்கு 20 கண்ணிகள் என்று வைத்துக்கொண்டு, வானொலியில் பாட்டுக் கேட்டபடி செய்தால் பத்து நாளில் முடியும். நான் அப்படித்தான் முடித்தேன்.

பலன் உண்டா என்பதற்கு என் பதில், டைகரைப் பொறுத்தவரை உண்டு என்பதே. போர்க்களச் செயின் 725 மில்லிமீட்டர் அகலம். 1/35 அளவில் அது 20 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. முன்னாலிருந்து பார்க்கும்போது கண்ணில் முதலில் விழுவது அந்த அகலமான செயினும் அதன் கண்ணி அமைப்பும்தான். மேல் ரோலர்கள் இல்லாமல், ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும் சக்கர வரிசையின் மேல் செயின் படுத்திருப்பதால், தொய்வு சரியாக விழுந்தால் வண்டியின் கனம் முழுவதும் மாதிரியில் தெரிகிறது. ரயிலில் ஏற்றுவதற்காக 520 மில்லிமீட்டர் அகலச் செயின் ஒன்றும் இதற்கு இருந்தது. சில கிட்டுகளில் இரண்டும் வருகின்றன என்பதால் எதை வெட்டுகிறோம் என்று பார்த்துக்கொண்டு வெட்டுங்கள்.

பின் கோத்து அசையும் கண்ணிகளா, ஒட்டி அசையாமல் நிற்கும் கண்ணிகளா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அசையும் செயினை எப்போது வேண்டுமானாலும் கழற்றி மாட்டலாம், வண்ணம் பூசுவது எளிது என்பது உண்மை. ஆனால் லேசான பிளாஸ்டிக் கண்ணிகளுக்குத் தானாகத் தொய்யும் எடை கிடையாது. தொய்வுக்காக அவற்றையும் கடைசியில் சக்கரங்களின் தலையில் ஒட்டத்தான் போகிறோம். அறிவுறுத்தல் தாளில் உள்ள கண்ணி எண்ணிக்கையை வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். ஒரு கண்ணி கூடவோ குறையவோ வருவது இயல்பு. செயினைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கடைசிக் கண்ணியை முடிவு செய்யுங்கள்.

ஆவடியில் கட்டப்பட்ட டி-72 அஜேயா டாங்கியை 1/35 அளவில் செய்து வருகிறேன். உலோகச் செயின் போட்டால்தான் எடையும் உண்மைத் தோற்றமும் வரும் என்று நண்பர் சொல்கிறார். அத்துடன், இந்திய இராணுவத்தின் டி-55 ஒன்றையும் அடுத்துச் செய்ய எண்ணம். இரண்டிற்கும் ஒரே வகைச் செயின் பொருந்துமா?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், தென்காசி

ஐயா, உங்கள் டி-72க்குப் பக்கப் பாவாடைத் தகடுகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். அவற்றை மாட்டப் போகிறீர்கள் என்றால் செயினின் மேற்பாதி முழுவதும் அவற்றின் பின்னால் மறைந்துவிடும். அந்த வண்டியில் மேல் ரோலர்களும் உண்டு. கண்ணிகள் ரப்பர் புஷ் (பின்னைச் சுற்றிய ரப்பர் உறை) வைத்துக் கோக்கப்பட்டவை என்பதால் பெரிய தொய்வும் கிடையாது. கண்ணுக்குத் தெரியப் போவது தரையில் படியும் பகுதியும், முன்னாலும் பின்னாலும் ஏறி இறங்கும் வளைவுகளும்தான். அதற்காக உலோகச் செயினுக்குச் செலவழிப்பது, வெள்ளையடித்த பிறகு பீரோவை நிறுத்தி மறைக்கப் போகும் சுவரில் சித்திரம் எழுதுவதற்குச் சமம். கிட்டில் வந்த செயினே போதும். இதே காரணத்தால் பாவாடைத் தகடுகள் கழற்றாத செஞ்சூரியன் டாங்கிக்கும் என் பதில் இதுதான்.

டி-55 அப்படியல்ல. அதில் டி-34ஐப் போலவே மேல் ரோலர்கள் இல்லை. முதல் சக்கரத்திற்கும் இரண்டாம் சக்கரத்திற்கும் இடையே இடைவெளி கூடுதல். பாவாடைத் தகடும் இல்லை. செயின் முழுவதும் வெளியே தெரியும். இங்கே உலோகச் செயினுக்கு நியாயம் உண்டு. ஹங்கேரியின் ஃப்ரியுல்மாடல் போன்ற நிறுவனங்களின் வெள்ளை உலோகக் கண்ணிகளைக் கம்பியால் கோத்து மாட்டினால், எந்தப் பசையும் பஞ்சும் இல்லாமல் அவை தாமாகவே சக்கரங்களின் மேல் சாய்ந்து படுக்கும்.

ஆனால் வாங்குவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பலர் இதில்தான் பணத்தை இழக்கிறார்கள். டி-55க்கு இரண்டு வகைச் செயின்கள் உண்டு. பழையது, வெறும் எஃகுப் பின்களால் கோத்த ஓ.எம்.எஸ்.எச். வகை, இது நன்றாகத் தொய்யும். பின்னால் வந்தது ரப்பர் புஷ் உள்ள ஆர்.எம்.எஸ்.எச். வகை, தோற்றத்தில் டி-72இன் செயினை ஒத்தது, தொய்வு குறைவு. வகைக்கேற்ப ஸ்ப்ராக்கெட்டும் மாறும்: பழைய வகைக்கு 13 பற்கள், புதிய வகைக்கு 14 பற்கள். கிட்டில் 13 பல் ஸ்ப்ராக்கெட் இருக்க, தனியே ஆர்.எம்.எஸ்.எச். செயினை வரவழைத்தால் பல்லும் கண்ணியும் ஒருபோதும் சேராது. ஆகவே, நீங்கள் செய்ய நினைக்கும் அந்தக் குறிப்பிட்ட டாங்கியின் புகைப்படத்தில் செயினைப் பார்த்து வகையைத் தீர்மானித்து, கிட்டின் ஸ்ப்ராக்கெட்டில் பற்களை எண்ணி, அதன் பிறகே பணம் அனுப்புங்கள்.

உலோகச் செயினுக்கு இன்னும் சில எச்சரிக்கைகள். கண்ணிகளின் துளைகள் பாதி அடைந்தே வரும். கைத்துரப்பணத்தால் ஒவ்வொன்றையும் திறந்துவிட வேண்டும். சிறு கண்ணிகளைப் பிடிக்கப் பொற்கொல்லர்கள் வைத்திருக்கும் சாமணம் மிகவும் உதவும். மாடல் கடைச் சாமணத்தைவிட அதன் நுனி உறுதியானது. அசையும் சஸ்பென்ஷன் உள்ள கிட்டாக இருந்தால், செயினின் எடை சக்கரக் கைகளை இழுத்துக் கோணலாக்கும் என்பதால் அவற்றை முன்கூட்டியே ஒட்டிவிடுங்கள். கருமையாக்கும் திரவத்தில் போடுவதற்கு முன் கண்ணிகளை வினிகரில் ஊறவைத்துக் கழுவினால் நிறம் சீராகப் பிடிக்கும். இந்த உலோகக் கலவையில் ஈயம் இருக்கக்கூடும். வேலை முடிந்ததும் கையைக் கழுவாமல் பேரப்பிள்ளைகளைத் தூக்க வேண்டாம்.

இருபது ஆண்டுகளுக்கு முன் செய்த டாங்கியை மச்சிலிருந்து இறக்கிப் பார்த்தேன். செயின் பட்டை துண்டு துண்டாக உடைந்திருக்கிறது. பட்டை தொட்டிருந்த இடங்களில் சக்கரங்களும் உருகியதுபோல் குழிந்திருக்கின்றன. வெயிலால் இப்படி ஆகுமா?
— வாசகர், வள்ளியூர்

வெயில் வேகப்படுத்தியிருக்கும், மூலகாரணம் பட்டையிலேயே இருக்கிறது. வினைலை வளையச் செய்வதற்காக அதில் சேர்க்கப்படும் மென்மையாக்கிப் பொருள் காலப்போக்கில் வெளியே கசியும். கசிந்தது ஸ்டைரீன் சக்கரத்தை இளக்கிவிடுகிறது. கசிந்துபோன பட்டை வறண்டு உடைகிறது. ஓட்டு வீட்டு மச்சில் கோடைக்குக் கோடை வெந்தால் இது விரைவாகவே நடக்கும். குழிந்த சக்கரங்களை நிரப்பித் தேய்த்துவிட்டு, பிளாஸ்டிக் செயினாக மாற்றிவிடுங்கள். வினைல் பட்டையையே மீண்டும் போடுவதானால், சக்கரங்களுக்கு முழுவதும் வண்ணம் பூசி நன்றாக உலர்ந்த பிறகு மாட்டுங்கள். திறக்காத பழைய கிட் ஏதேனும் வீட்டில் இருந்தால், பட்டைகளை மற்ற பாகங்களோடு போடாமல் தனி உறையில் எடுத்து வையுங்கள்.

ஷெர்மன் டாங்கியின் வினைல் பட்டையில் தொய்வு வர, நூலால் கட்டி இழுக்க வேண்டும் என்று படித்தேன். எப்படிக் கட்டுவது?
— பள்ளி மாணவி, விக்கிரமசிங்கபுரம்

கட்டவே வேண்டாம், தங்கச்சி. ஷெர்மனின் செயின் ரப்பர் புஷ் உள்ளது. மேல் ரோலர்களும் உண்டு. உண்மையான வண்டியிலேயே அது விறைப்பாகத்தான் நிற்கும். உன் பட்டையைப் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவி உலர்த்தி, இரு முனைகளையும் ஃபெவிக்விக் வகைப் பசையால் சேர்த்து, சேர்ந்த இடம் தரைப்பக்கம் ஏதேனும் ஒரு சக்கரத்தின் அடியில் வருமாறு மாட்டினால் வேலை முடிந்தது. எனாமல் வண்ணம் வினைலின் மேல் நெடுநாள் பிசுபிசுக்கும்; அக்ரிலிக் வண்ணமே நல்லது. 1965 போரில் இந்திய இராணுவத்திலும் ஷெர்மன்கள் இருந்தன என்பதால், விருப்பம் இருந்தால் அந்த அடையாளங்களோடும் செய்யலாம். நூல் கட்டும் முறை, உனக்கு எப்போதாவது டி-34 கிட் பட்டையோடு கிடைத்தால் பயன்படும்: சக்கரத்தின் அச்சில் முடிந்த கறுப்பு நூலைப் பட்டைக்கு மேலாகக் கொண்டுவந்து இழுத்துக் கட்டினால், முடிச்சு சக்கரத்தின் பின்னால் மறைந்துவிடும்.

முப்பரிமாண அச்சில் செய்த ரெசின் செயின்கள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கலாமா? அத்துடன், செயினில் சேறு காட்டுவதற்கு எங்கள் ஊர்த் தேரி மணலைப் பயன்படுத்தலாமா?
— வாசகர், திசையன்விளை

ரெசின் செயினில் நுணுக்கம் சிறப்பாக இருக்கிறது. பல வகைகளில் கண்ணிகளைப் பின் இல்லாமல் அழுத்தியே கோத்துவிடலாம். ஆனால் ரெசின் நொறுங்கும் தன்மையுடையது. ஒரு கண்ணியின் காது உடைந்தால் அதை ஒட்டுவதைவிடப் புதிய கண்ணியை மாட்டுவதே வழி. ஆகவே உபரிக் கண்ணிகள் தரும் பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். நேர் வெயில் படும் ஜன்னலோரத்தில் வைக்க வேண்டாம். ஒளியால் இறுகும் பொருள் என்பதால் வெயிலில் இன்னும் இறுகி எளிதில் நொறுங்கும். அரத்தால் தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம்.

தேரி மணலை வேண்டாம் என்று சொல்ல இரண்டு காரணங்கள் உண்டு. 0.3 மில்லிமீட்டர் மணல் பருக்கை 1/35 அளவில் ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கூழாங்கல்லாகிவிடும். செயின் முழுவதும் ஜல்லி ஒட்டியதுபோலத் தெரியும். மேலும் தேரியின் செம்மை தேரிக்கே உரியது. பஞ்சாபின் வண்டல் வயலில் நிற்கும் செஞ்சூரியனின் செயினில் அந்த நிறம் ஒட்டாது. குளத்தங்கரை வண்டலை எடுத்து வாணலியில் நன்றாக வறுத்து, பொடித்து, சித்த மருந்து செய்பவர்கள் வஸ்திரகாயம் செய்வதைப் போல மெல்லிய துணியில் சலித்தெடுங்கள். அந்த மாவோடு விரும்பிய நிறப்பொடியைக் கலந்து, தண்ணீர் சேர்த்த அக்ரிலிக் பசையில் குழைத்துக் கண்ணிகளின் பள்ளங்களில் மட்டும் தடவுங்கள். தரையைத் தொடும் மேடுகளில் பட்டதை ஈரம் காயும் முன்பே விரலால் துடைத்துவிட வேண்டும். ஓடுகிற செயினில் அந்த இடங்கள் தேய்ந்து எஃகு பளபளக்கும். உலோகச் செயினாக இருந்தால் உப்புக் காகிதத்தால் ஒரு தேய்ப்பு போதும். பிளாஸ்டிக்கிலும் ரெசினிலும் மென்பென்சிலின் கரியை விரலில் எடுத்துத் தேய்த்தால் அந்தப் பளபளப்பு வரும்.

ஸ்பிரே பூச நினைத்திருந்தால் ஆனி, ஆடியில் மொட்டை மாடிக்குப் போக வேண்டாம். உங்கள் பக்கத்துக் காற்றில் வண்ணம் செயினுக்கு வந்து சேராது. தேரி மணல் கேட்காமலேயே வந்து ஒட்டிக்கொள்ளும்.